நகர அரசியல் நிருபர், செய்தி ஆசிரியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாநகராட்சி, நகராட்சி அரசியலை எழுத வருபவர்களும், சில ஆண்டு நிருபர் வேலைக்குப் பிறகு, செய்திகளைத் திருத்தி வெளியிடும் டெஸ்க்கில் உட்கார நினைப்பவர்களும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. மன்ற விதிகளும் சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊர் விதியை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு இதைப் பயன்படுத்துங்கள்.

நகர அரசியல் நிருபர் எதையெல்லாம் எழுத வேண்டும்?

மேயரும் எதிர்க்கட்சிக் கவுன்சிலரும் மோதிக்கொண்டதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். குடிநீர், குப்பை, சாலை, சொத்து வரி, கட்டட அனுமதி, நில வகைப்பாடு மாற்றம், டெண்டர், பணி நியமனம் ஆகியவற்றில் யார் முடிவெடுத்தார், யாருக்கு ஆதாயம், செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் இந்த பீட், அதாவது நிருபருக்கு ஒதுக்கப்படும் செய்தித் துறை. மன்றத்தில் வெடிக்கிற சண்டையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்தக் கோப்பில் கடைசிக் கையெழுத்து யாருடையது என்பது. சில நகரங்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயரிடமே நிர்வாக அதிகாரம் இருக்கும். வேறு சில நகரங்களில் மேயர் மன்றத்தை நடத்துவார், நிர்வாகம் ஆணையர் கையில் இருக்கும். இது தெரியாமல் எழுதினால் அதிகாரம் இல்லாதவரையே துரத்திக்கொண்டிருப்போம். அதிகாரம் உள்ளவரிடம் ஒருவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

இதழியல் பட்டம் கட்டாயமா?

இல்லை. வேலைக்கு எடுப்பவர்கள் பார்ப்பது எழுதிய செய்தியை. பொதுமக்களை அனுமதிக்கும் மன்றக் கூட்டம் ஒன்றுக்கு நீங்களாகவே போய், அன்று மாலைக்குள் 300 முதல் 400 சொல்லில் ஒரு செய்தி எழுதுங்கள். அப்படி நான்கைந்து செய்திகள் கையில் இருந்தால் சான்றிதழை விட அது அதிகம் பேசும். கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்திருப்பது பெரிய பலம். எண்களைக் கண்டு ஒதுங்குபவர்கள் இந்த பீட்டில் நீடிப்பது கடினம்.

பீட்டைக் கையில் கொடுத்ததும் முதல் மாதம் என்ன செய்வது?

பேட்டிகளை அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம், முதலில் காகிதம் சேருங்கள். கடைசி மூன்று ஆண்டுகளின் பட்ஜெட் புத்தகம், ஓராண்டு மன்றக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, கடைசியாக வந்த தணிக்கை அறிக்கை, வார்டு வரைபடம், கவுன்சிலர்கள் வேட்புமனுவோடு கொடுத்த சொத்து விவரம், நிலைக்குழுக்களின் உறுப்பினர் பட்டியல் ஆகியவை அடிப்படை. பெரும்பாலானவை இணையத்தில் இருக்கும். இல்லாதவற்றை மன்றச் செயலர் அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கும்.

பிறகு ஆட்களைப் பாருங்கள். மேயரையும் ஆணையரையும் பார்க்க வரிசையே நிற்கும். அஜெண்டா (கூட்டத்தில் எடுக்கும் பொருள்களின் பட்டியல்) தயாரிக்கும் பிரிவு எழுத்தர், கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர், தொழிற்சங்க நிர்வாகி, பல முறை கவுன்சிலராக இருந்து தோற்றவர், ஒப்பந்தம் கிடைக்காத ஒப்பந்ததாரர் என்று வாரத்துக்கு ஐந்து பேரையாவது, செய்தி எதுவும் கேட்காமல், நேரில் பார்த்து அறிமுகமாகிக்கொள்ளுங்கள். செய்தி வேண்டும்போது மட்டும் போன் செய்கிற நிருபரை யாரும் நம்புவதில்லை.

மூன்றாவது வேலை ஒரு எக்செல் தாள். தேதி, தீர்மான எண், பணி, தொகை, ஒப்பந்ததாரர், வார்டு, அடுத்து பார்க்க வேண்டிய நாள் என்று ஏழு பத்திகள் போதும். ஆறே மாதத்தில், எந்த நிறுவனத்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை அந்தத் தாளே காட்டிவிடும்.

அஜெண்டாவை எப்படிப் படிப்பது? நூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறதே.

கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சங்கடமான பொருள்கள் பட்டியலின் அடியில் இருக்கும், அல்லது கூட்டம் தொடங்கும் நேரத்தில் கூடுதல் பொருளாக மேசையில் வைக்கப்படும். கூட்டம் முடிந்ததும் அந்தக் கூடுதல் பொருள்களின் நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். மறுநாள் கேட்டால் அதைத் தேடி எடுப்பதற்கே ஒரு வாரம் ஆகும்.

படிக்கும்போது பேனாவால் வட்டம் போட வேண்டிய இடங்கள் இவை. "பின்னேற்பு" என்ற சொல்: பணி ஏற்கெனவே முடிந்துவிட்டது, மன்றம் இப்போதுதான் ஒப்புதல் தருகிறது. "அவசர அவசியம் கருதி": அவசரம் எது என்று அஜெண்டாவில் எழுதியிருக்கிறதா பாருங்கள், பல சமயம் இருக்காது. "ஒற்றை ஒப்பந்தப்புள்ளி": போட்டியே இல்லாமல் ஒருவருக்குப் போகிறது. "திருத்திய மதிப்பீடு": ஒப்பந்தம் கொடுத்த பிறகு தொகை ஏறியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, இதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ஒரு தொகைக்கு மேல் போனால் மேல்மட்ட ஒப்புதல் தேவை என்று எல்லா நகராட்சியிலும் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். வரம்பு 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே சாலையின் பணி 49 லட்சம், 48 லட்சம், 49.5 லட்சம் என்று மூன்று பொருளாக வந்தால் அது பிரிக்கப்பட்ட பணி. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்றையும் சேர்த்து, சாலையின் தொடக்க, முடிவு இடங்களை வரைபடத்தில் குறித்தால்தான் தெரியும். ஆனால் பிரிப்பதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம்: நிதி வேறு வேறு திட்டத்திலிருந்து வந்திருக்கும், நிலம் ஒரு பகுதிக்கு மட்டும் கிடைத்திருக்கும். பொறியாளரிடம் கேட்காமல் "முறைகேடு" என்ற சொல்லைப் போடாதீர்கள்.

பட்ஜெட்டில் எதைப் பார்ப்பது?

அறிவிப்பு உரையை மற்றவர்கள் எழுதட்டும், நீங்கள் அட்டவணையைத் திறங்கள். வழக்கமாக, முடிந்த ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டுக்குப் போட்ட மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என நான்கு எண்கள் பக்கம் பக்கமாக இருக்கும். புதிய ஒதுக்கீட்டைப் பழைய ஒதுக்கீட்டோடு ஒப்பிடுவது எளிது, ஆனால் அதில் விஷயம் குறைவு. மழைநீர் வடிகாலுக்கு 100 கோடி ஒதுக்கி 35 கோடிதான் செலவாகியிருக்கிறது, அடுத்த ஆண்டு 120 கோடி ஒதுக்குகிறார்கள் என்றால், 20 கோடி கூடியது செய்தியல்ல. 65 கோடி ஏன் செலவாகவில்லை என்பதே செய்தி.

சதவீதத்தில் தடுக்கி விழாத நிருபர் குறைவு. வரி 8 சதவீதத்திலிருந்து 10 சதவீதமானால் அது 2 சதவீத உயர்வு அல்ல. 2 சதவீதப் புள்ளி உயர்வு, அல்லது 25 சதவீத உயர்வு. வாசகருக்கு இரண்டையும் விட, "இப்போது 4,000 கட்டும் வீட்டுக்கு இனி 5,000" என்று சொன்னால் உடனே புரியும்.

கூட்டச் செய்தியை எப்படித் தொடங்குவது?

புதிதாக வருபவர்களின் முதல் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "மாநகராட்சி மன்றத்தின் சாதாரணக் கூட்டம் மேயர் தலைமையில் நேற்று காலை 10 மணிக்கு நடைபெற்றது. இதில் 64 தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன." இதில் தவறு எதுவும் இல்லை, செய்தியும் இல்லை. டெஸ்க்கில் இதைத் திருத்துபவர் நிருபரைக் கூப்பிட்டு, 64-ல் எது வீட்டுக்குள் நுழையும் என்று கேட்பார். பதில் குடிநீர் இணைப்பு என்று வந்தால் இன்ட்ரோ, அதாவது செய்தியின் தொடக்கம், இப்படி மாறும்: "புதிய குடிநீர் இணைப்புக்கான வைப்புத்தொகை அடுத்த மாதம் முதல் இரட்டிப்பாகிறது. இதற்கான தீர்மானம் மன்றத்தில் நேற்று விவாதம் இல்லாமல் நிறைவேறியது."

"விவாதம் இல்லாமல்" என்ற இரண்டு சொல்லை எழுத வேண்டுமென்றால் நிருபர் அந்த நேரத்தில் மன்றத்துக்குள் உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். கேன்டீனில் இருந்துவிட்டுப் பத்திரிகைக் குறிப்பை வாங்கிக்கொண்டு வந்தவரால் அதை எழுத முடியாது. அதனால் முழுக் கூட்டமும் உட்காருங்கள். யார் எழுந்து போனார், எந்தப் பொருளுக்கு எதிர்க்கட்சியும் வாய் திறக்கவில்லை என்பதையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவை எழுத்தாக்கும் மென்பொருள் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் மேற்கோள் குறிக்குள் போகும் ஒவ்வொரு வரியையும் காதால் மறுபடி கேட்டுச் சரிபார்க்க வேண்டும். "செய்வோம்", "செய்ய மாட்டோம்" என்ற வேறுபாட்டை அது எளிதாகத் தவறவிடும்.

"பேர் போடாதீங்க" என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம்?

அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்பதை அந்த இடத்திலேயே கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும். நான்கு நிலை உண்டு. பெயரோடு வெளியிடலாம். பெயர் இல்லாமல், "பொறியியல் பிரிவு அதிகாரி" என்பது போன்ற அடையாளத்தோடு வெளியிடலாம். வெளியிடக் கூடாது, ஆனால் வேறு இடத்தில் உறுதி செய்ய இந்தத் தகவலைப் பயன்படுத்தலாம். எதற்குமே பயன்படுத்தக் கூடாது. இதில் எது என்பது பேச்சு தொடங்குவதற்கு முன்பே முடிவாக வேண்டும். நிருபர் என்று தெரிந்தே பேசி முடித்துவிட்டு "இதெல்லாம் ஆஃப் த ரெக்கார்ட்" என்று ஒரு மேயர் சொன்னால் அது உங்களைக் கட்டுப்படுத்தாது. ஊடகத்தோடு பேசிப் பழக்கமே இல்லாத ஒரு துப்புரவுப் பணியாளர் சொன்னால், அவர் வேலை போய்விடுமே என்று யோசிக்கும் கடமை உங்களுக்கு இருக்கிறது.

வாக்குக் கொடுத்துவிட்டால் நிருபர் அதைக் காப்பாற்ற வேண்டும். பெயர் தெரியாதவரின் பேச்சை மட்டும் வைத்து ஒருவர் மீது குற்றம் சுமத்தக் கூடாது. பெயர் மறைத்தவர் தருவது வழிகாட்டல். அதை உறுதிப்படுத்தும் காகிதத்தையோ இன்னொரு ஆளையோ நீங்கள்தான் தேட வேண்டும்.

பேட்டிக்குப் போனால் கவர் கொடுக்கிறார்கள். மறுத்தால் உறவு கெடுமா?

முதல் முறை சங்கடமாக இருக்கும், மூன்றாம் முறை கொடுக்கவே மாட்டார்கள். பணம், பரிசுக்கூப்பன், வீட்டுமனை, உறவினருக்கு வேலை எதையும் வாங்காதீர்கள். அங்கேயே திருப்பிக் கொடுங்கள், அன்றே செய்தி ஆசிரியருக்கு ஒரு வரி மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். பின்னால் யாராவது "அவரும் வாங்கியவர்தான்" என்று சொன்னால் அந்த மின்னஞ்சல் உங்களைக் காப்பாற்றும். உங்கள் குடும்பத்தில் ஒருவர் மாநகராட்சி ஒப்பந்தம் எடுத்தாலோ கட்சியில் பொறுப்பு வகித்தாலோ அதையும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அந்தச் செய்தியை வேறு நிருபர் எழுதட்டும்.

தகவல் கேட்கும் சட்டத்தை எப்படிப் பயன்படுத்துவது?

மனுவுக்குப் பதில் தர வேண்டிய கால அளவு இந்தியாவின் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 30 நாள், பிரிட்டனில் 20 வேலை நாள். இலங்கையிலும் 2016 முதல் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. அன்றாடச் செய்திக்கு இது உதவாது. எனவே மாதத்துக்கு இரண்டு மனு என்று தொடர்ந்து போட்டுக்கொண்டே இருங்கள். ஆறாம் மாதத்திலிருந்து பதில்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கும்.

மனு தோற்பதற்கு முக்கியக் காரணம் கேள்வியின் அமைப்பு. "சாலை ஏன் மோசமாக இருக்கிறது?" என்று கேட்டால், விளக்கம் சொல்வது எங்கள் வேலையல்ல என்று திரும்பி வரும். "இன்ன சாலைக்கு, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வழங்கப்பட்ட பணி ஆணை, அளவீட்டுப் புத்தகத்தின் பக்கங்கள், பட்டுவாடா சீட்டு ஆகியவற்றின் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நிராகரித்தால் மேல்முறையீட்டுக்கான கடைசி நாளை எக்செல் தாளில் உடனே குறித்துவிடுங்கள்.

ஒரு காகிதம் என்ன செய்யும் என்பதற்குக் கலிபோர்னியாவின் பெல் நகரம் எடுத்துக்காட்டு. அந்தச் சிறிய, ஏழைத் தொழிலாளர்கள் வாழும் நகரின் மேலாளர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நிருபர்கள் ஜெஃப் காட்லீப், ரூபன் விவெஸ் இருவரும் நகராட்சியிடம் ஆவணங்களைக் கேட்டு வாங்கி 2010 ஜூலையில் அதை வெளியிட்டார்கள். மேலாளர் ராபர்ட் ரிஸோ பதவி விலகினார், 2014-ல் அவருக்கு 12 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த நாளிதழுக்கு 2011-ல் பொதுச் சேவைக்கான புலிட்சர் என்ற அமெரிக்க இதழியல் பரிசு கிடைத்தது.

ஒருவர் மீது குற்றச்சாட்டு வரும் செய்தியை வெளியிடும் முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்விகளை எண் போட்டு எழுத்தில் அனுப்புங்கள். "உங்களைப் பற்றி ஒரு செய்தி வருகிறது, கருத்து என்ன?" என்பது கேள்வியல்ல. எந்தத் தீர்மானம், எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று குறிப்பிட்டு, பதிலுக்கு நியாயமான அவகாசம் கொடுங்கள். பெரிய குற்றச்சாட்டுக்கு ஒரு முழு வேலை நாளாவது வேண்டும். இரவு 9 மணிக்கு ஒருமுறை அழைத்துவிட்டு "தொடர்புகொள்ள முடியவில்லை" என்று எழுதுவது அநியாயம், நீதிமன்றத்தில் அது உங்களுக்கே எதிராக நிற்கும். அழைத்த நேரம், அனுப்பிய குறுஞ்செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வந்தால் அதன் சாரத்தைச் செய்தியின் மேல்பாதியிலேயே சேர்க்க வேண்டும்.

மன்றத்துக்குள் பேசப்பட்டதை நேர்மையாக, துல்லியமாக எழுதினால் பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதே குற்றச்சாட்டை அதே கவுன்சிலர் வாசலில் மைக் முன்னால் சொன்னால் அந்தப் பாதுகாப்பு இருக்காது. பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றி எழுதும் உரிமையில் மைல்கல்லான அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1964 தீர்ப்பும், அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகர ஆணையர் எல்.பி. சல்லிவன் நியூயார்க் டைம்ஸ் மீது போட்ட வழக்கில் வந்ததுதான். பொது அதிகாரி ஒருவர் அவதூறு வழக்கில் வெல்ல வேண்டுமானால், பொய் என்று தெரிந்தோ உண்மையா என்பதைப் பொருட்படுத்தாமலோ வெளியிட்டார்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இந்தியாவில் நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் தொடுத்த வழக்கின் 1994 தீர்ப்பு, அதிகாரிகளின் அலுவல் சார்ந்த செயல்கள் குறித்து இதே திசையில் சென்றது. ஆனால் அங்கே அவதூறு குற்ற வழக்காகவும் வரும், அதற்கான சட்டப் பிரிவு செல்லும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சந்தேகம் இருந்தால் வழக்கறிஞர் பார்த்த பிறகே பக்கத்தில் ஏற்றுங்கள்.

ரகசியக் கேமரா, வேடம் போட்டுப் போவது சரியா?

வேறு எந்த வழியிலும் கிடைக்காது, பொதுநலன் பெரியது, ஆசிரியரும் வழக்கறிஞரும் எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள் என்ற மூன்றும் சேர்ந்தால் மட்டும். சிகாகோ சன்-டைம்ஸ் ஒரு மதுக்கடையையே நடத்தி, லஞ்சம் கேட்ட நகர ஆய்வாளர்களை 1978-ல் அம்பலப்படுத்தியது. செய்தி உண்மை, ஊரே அதிர்ந்தது. ஆனாலும் ஏமாற்றித் தகவல் பெற்றது முறையா என்ற வாதத்தில் புலிட்சர் பரிசு கைநழுவியது.

தேர்தல் முடிவு நாளில் என்ன தவறு நடக்கும்?

"முன்னிலை"யை "வெற்றி" என்று போட்டுவிடுவது. அதிகாரபூர்வமாக அறிவித்த பிறகே வெற்றி என்று எழுத வேண்டும். வார்டு வாரியாக வேட்பாளர் பெயர், கட்சி, சென்ற முறை வாங்கிய வாக்கு எல்லாவற்றையும் முந்தின நாளே தாளில் நிரப்பி வையுங்கள். ஒரே பெயரில் இருவர் போட்டியிடும் வார்டுகளுக்குத் தனி நிறம் கொடுங்கள்.

செய்தி ஆசிரியர் என்ன செய்கிறார்? எப்போது அந்தப் பக்கம் போகலாம்?

நிருபர், மூத்த நிருபர், தலைமை நிருபர், உதவி செய்தி ஆசிரியர், செய்தி ஆசிரியர் என்பது பொதுவான ஏணி. பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஐந்து ஆண்டாவது களத்தில் இருந்துவிட்டுப் போவது நல்லது. தெருவைத் தெரியாதவர் டெஸ்க்கில் உட்கார்ந்தால் நிருபர் சொல்வதை அப்படியே நம்புவார், அல்லது எதையும் நம்ப மாட்டார். இரண்டுமே பத்திரிகைக்கு ஆபத்து.

நாள் காலைக் கூட்டத்தில் தொடங்கும். என்ன செய்தி, யார் எழுதுகிறார், எத்தனை சொல், படம் உண்டா, எத்தனை மணிக்கு வரும் என்ற ஐந்தும் பட்டியலில் இருக்க வேண்டும். மாலையில் பக்கத் திட்டம். இதில் அனுபவமுள்ளவர்கள் லீடுக்கு (பக்கத்தின் முதன்மைச் செய்திக்கு) எப்போதும் ஒரு மாற்றுச் செய்தி வைத்திருப்பார்கள், ஏனென்றால் உறுதியாகாத லீடை டெட்லைன் நெருக்கத்தில் ஏற்றும்போதுதான் பெரிய தவறுகள் நடக்கின்றன.

பிரதியைத் திருத்தும்போது நிருபரிடம் கேட்க வேண்டியது: இது உங்களுக்கு எப்படித் தெரியும்? காகிதத்தைக் காட்டுங்கள். எதிர்த் தரப்பு என்ன சொன்னது? சொன்னவருக்கு இதில் என்ன லாபம்? இந்தக் கேள்விகளைக் கோபமாகக் கேட்டால் நிருபர் மறைக்கத் தொடங்குவார். தினமும், எல்லோரிடமும், சாதாரணக் குரலில் கேளுங்கள். பிறகு அவர்கள் பதிலோடுதான் வருவார்கள். திருத்திய பிரதியை நிருபரிடம் ஒருமுறை காட்டாமல் அனுப்பாதீர்கள். நடையை அழகாக்கும்போது பொருள் மாறிவிடுவது டெஸ்க்கில் அடிக்கடி நடப்பது. "விசாரிக்கப்படுகிறார்" என்பதைச் சுருக்கி "சிக்கினார்" என்று போட்டால் அது வேறு செய்தி.

தலைப்பைக் கடைசியில் எழுதுங்கள். எழுதியதும் இன்ட்ரோவோடு ஒப்பிடுங்கள். தலைப்பில் இருப்பது செய்தியில் எந்த வரியில் இருக்கிறது என்று விரலால் காட்ட முடியாவிட்டால் தலைப்பு தவறு. கேள்விக்குறி போட்டுக் குற்றம் சாட்டுவது தப்பிக்கும் வழியல்ல, வாசகர் அதைக் குற்றச்சாட்டாகவே படிப்பார்.

தவறு வந்துவிட்டால்?

இணையத்தில் உடனே திருத்தி, எது தவறாக இருந்தது, எப்போது மாற்றப்பட்டது என்று செய்தியிலேயே ஒரு வரி போடுங்கள். சத்தமில்லாமல் மாற்றினால், பழைய பக்கத்தைப் படமெடுத்து வைத்த ஒருவர் அதைப் பரப்புவார், அதன் பிறகு சரியான செய்தியையும் நம்ப மாட்டார்கள். அச்சில் அடுத்த இதழிலேயே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில். சமூக ஊடகத்தில் தவறான பதிவு அதிகம் போயிருந்தால் திருத்தமும் அதே கணக்கிலிருந்து போக வேண்டும். மறுப்புக் கடிதம் வந்தால், உண்மைப் பிழையைக் காட்டுகிறதா, பிடிக்காததால் எழுதியதா என்று பிரித்துப் பாருங்கள். முதலாவதுக்குத் திருத்தம், இரண்டாவதுக்கு அவர் தரப்பைப் பதிவு செய்தால் போதும்.

மிரட்டல் வந்தால் யாரிடம் சொல்வது?

அன்றே செய்தி ஆசிரியரிடம், எழுத்தில். அழைப்புப் பதிவையும் செய்திகளையும் அழிக்காதீர்கள். அந்தச் செய்தித் தொடரை இரண்டு பைலைனில் (இரண்டு நிருபர்களின் பெயரில்) கொண்டு போவது, தனியாகக் களத்துக்கு அனுப்பாமல் இருப்பது, ஆவண நகலை வேறு இடத்தில் வைப்பது ஆகியவை நிர்வாகத்தின் பொறுப்பு. நிருபரைத் தனியே விட்டுவிடும் டெஸ்க்குக்கு அடுத்த முறை அப்படிப்பட்ட செய்தி வராது.

பீட் மாறும்போது எதை ஒப்படைக்க வேண்டும்?

எக்செல் தாள், நிலுவையில் உள்ள தகவல் மனுக்களின் எண்ணும் மேல்முறையீட்டுத் தேதியும், தொடர்ந்து பார்க்க வேண்டிய வழக்குகள், ஆவணக் கோப்பு. பெயர் வெளியிட வேண்டாம் என்று சொன்னவர்களின் பட்டியலைக் கொடுக்காதீர்கள். அவர்களிடம் முதலில் கேளுங்கள், சம்மதித்தால் புதியவரை நேரில் அழைத்துப்போய் அறிமுகப்படுத்துங்கள்.